பிரித்துப் பார்க்கும் கை



இரயில்வே எழுத்தர் பணியில் காலங்கழிக்கும் யாம் மெட்ரிகுலேஷனுக்கு மேல் கற்றிலோம். அண்மையில் எம் மைந்தன், பழுதுற்ற செட்-டாப் பெட்டியொன்றைத் திருகாணி கழற்றிப் பிரித்தான். வீண்வேலையெனக் கடிந்தோம். "மாடிக் குடையில் விழும் அலைகளை இஃது எங்ஙனம் தேர்ந்தெடுக்கிறது, அப்பா?" என வினவினான். விடையின்றி நின்றோம்.

அவ்விடையின் வேர் இக்கொல்கத்தாவிலேயே உளது. பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், 1895-இல் கம்பியின்றி அனுப்பிய அலையால் தொலைவிலிருந்த மணியை ஒலிப்பித்தார். 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளையும் ஆராய்ந்தார். அவற்றை ஏற்க அவர் அமைத்த புனல் போன்ற உலோக வாயின் வழித்தோன்றலே இன்று குடையின் முன் நிற்பது.

குத்தாகவும் கிடையாகவும் அதிரும் அலைகளைப் பிரிக்க அவர் எடுத்த கருவி யாது? பிராட்ஷா இரயில் கால அட்டவணை! ஏடுகளிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகினார். தாளுக்கு இணையாக அதிர்வது தடைப்பட்டது, குறுக்காக அதிர்வது கடந்தது. இன்று குடை ஏற்கும் விண்கோள் அலைகளும் அவ்விருவகையினவே. பெட்டி குடைக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தம் அனுப்பி, வேண்டிய வகையைத் தேர்கிறது.

1917-இல் அவர் இந்நகரில் நிறுவிய போஸ் நிறுவனத்தில் அவர் கருவிகள் உள. 1997-இல் எமர்சன் என்னும் வானொலி வானியலறிஞர் அவற்றின் அமைப்பை உலகிற்கு விரித்தெழுதினார்.

கால அட்டவணையை நாள்தோறும் புரட்டியும் யாம் நேரத்தையே கண்டோம். போஸ் அதனுள் கருவியைக் கண்டார். ஆதலின், பிரிக்கும் பிள்ளையின் கையைத் தட்டற்க. மின்னிணைப்பைத் துண்டித்துத் திருப்புளியை நாமே நீட்டுவோம். எம் மைந்தனுக்கு யாம் நீட்டிவிட்டோம்.