விளையாடுவது வேறு, விளையாட்டைச் செய்வது வேறு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் வெள்ளிமலைப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா வசூலித்து, கடன் தவணையை எழுதி முடித்த பிறகு ஓர் உறுப்பினர் எழுந்தார். "எம் பொண்ணை கம்ப்யூட்டர் படிக்க வெச்சதே தப்பும்மா. லீவுக்கு வந்தவ ராவெல்லாம் கேம் ஆடிக்கிட்டு இருக்கா. குழுக் கடன் வாங்கி ஃபீஸ் கட்டறேன். படிப்பை நிறுத்திடலாமான்னு இருக்கு" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனோம். பெண்ணிடம் பொறுமையாகக் கேட்டோம். அவள் கேம் ஆடவில்லை, கேம் செய்துகொண்டிருந்தாள். கல்லூரியில் கடைசி வருடப் புராஜெக்டே அதுதான்.

ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். சாமைக் காடு, நடுவில் பரண், பரணில் ஒரு சிறுமி. ராத்திரியில் காட்டுப்பன்றி வருகிறது. தகரம் தட்டி விரட்ட வேண்டும். விடியும்போது எவ்வளவு சாமை மிஞ்சுகிறதோ அதுதான் மார்க்கு.

"இதை எப்படிம்மா செய்யறே?" என்று கேட்டோம். அவள் சொன்னதைக் கேட்டபோது எங்களுக்கு நம் குழுவின் தொழில் திட்டம்தான் ஞாபகம் வந்தது. யார் ஆடப்போகிறார்கள், விதி என்ன, எப்போது ஜெயிப்பார்கள் என்று முதலில் நோட்டில் எழுத வேண்டும். அடுத்து, தரையில் கோடு போட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடிப் பார்க்க வேண்டும். அது சரியாக வந்தால்தான் கம்ப்யூட்டரில் படம் வரைவது, நிரல் எழுதுவது எல்லாம். அதற்கான கோடோ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டணம் ஒரு பைசா இல்லை.

முதலில் பத்துக் கட்டம் செய்யத் திட்டம் போட்டாளாம். இரண்டு மாதத்தில் ஒன்றுகூட முடியவில்லை. அழுகை வந்துவிட்டதாம். பிறகு பத்தை மூன்றாகக் குறைத்தாள். ஒரேயடியாகப் பத்து மாடு வாங்கித் தீவனத்துக்குத் திண்டாடுவதைவிட, இரண்டு மாட்டில் தொடங்குவது மேல் என்று நாம் சொல்வோமே, அதே கதைதான்.

அங்கேயே அம்மாவை உட்கார வைத்து ஆடச் சொன்னோம். எதை அழுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் உடனே நோட்டில் குறித்துக்கொண்டாள்: "எழுத்து வேண்டாம், தகரம் படம் போட வேண்டும்." கொஞ்ச நேரம் ஆடிய அம்மா சிரித்துவிட்டார். "ஏண்டி, பன்னி ஒரே பக்கமாவா வரும்? சும்மா சும்மா தட்டினா அதுக்குப் பழகிப் போயிடும். மோந்து பார்த்துட்டு ஆள் இல்லாத பக்கமால்ல நுழையும்!" என்றார். அந்த வார்த்தைதான் இப்போது அந்த விளையாட்டின் முக்கியமான விதி. படிப்பை நிறுத்த நினைத்த அம்மாவின் அனுபவம், மகளின் புராஜெக்டுக்குள் போய்விட்டது.

நம்ம ஊர் விஷயத்தை யார் விளையாடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் டொரான்டோ நகரில் ஒரு சிறிய குழு 'வெண்பா' என்ற கேமைச் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் கதை அது. வெண்பா என்பது அதில் வரும் அம்மாவின் பெயர். அவர் கையில் தன் தாயின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. அது கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. இட்லி, புட்டு, ரசம் எல்லாம் எந்த வரிசையில் செய்வது என்று விளையாடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாம் தினமும் செய்கிற வேலை! அந்தக் கேமுக்கு 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. அறிமுகப் படைப்புக்கான விருது அது.

அதே சமயம் ஓர் எச்சரிக்கை. பணம் கட்டி ஆடும் ரம்மி போன்றவை சூதாட்டம். பல குடும்பங்கள் அதில் கடனாளியாகிவிட்டன. அப்படிப்பட்ட ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்து மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் கொண்டுவந்தது. வீட்டில் யாராவது ஆட்டத்துக்காகப் பணம் கேட்டால், பேங்க் கணக்கிலிருந்து பணம் போனால், உடனே விசாரியுங்கள். குழுக் கடன் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகக் கூடாது.

ஆகவே சகோதரிகளே, பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் திட்டுவதற்கு முன் பக்கத்தில் போய் உட்காருங்கள். "நீ ஆடறியா, செய்யறியா? எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். செய்கிற பிள்ளை நோட்டைக் காட்டும். சும்மா ஆடுகிற பிள்ளையிடம் காட்ட நோட்டு இருக்காது. மகனுக்கும் இதே கேள்விதான், மகளுக்கும் இதே கேள்விதான். புரியவில்லை என்றால் குழுக் கூட்டத்தில் பேசுங்கள், நாங்கள் வருகிறோம். கோபத்தில் மட்டும் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அம்மாவே தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கடன் கேட்டார், மகளின் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு. குழுவும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது.