மூன்றே எழுத்து, அறுநூறு பொருள்



ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது? வாயில் நுழையாத நீளமான சொல்லைத் தேடவேண்டாம். அப்படிப்பட்ட சொற்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். அகராதிக்காரர்களைத் திணறடிப்பவை பொடிச் சொற்கள். இன்று அவற்றுள் முதலிடம் 'ரன்' என்ற சொல்லுக்கு. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1928இல் முடிந்தபோது, மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அதுவே முன்னணி. வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். ஒரு நாவலே எழுதிவிடலாம்! பிறகு மூன்றாம் பதிப்புக்காக 'ரன்' சொல்லைத் திருத்த உட்கார்ந்தார் பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர். அந்த ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 2011இல் வேலை முடிந்தபோது, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் தேறியது.

எங்கிருந்து வந்தன இத்தனை? ஆதியில் கால் ஓடியது, ஆறு ஓடியது. ஜலதோஷம் பிடித்தால் மூக்கும் 'ரன்' ஆகும். சாயம் போகும் துணியும் ஆகும். பிறகு இயந்திரங்கள் வந்தன. ரயில், தறி, கடிகாரம், மோட்டார் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. கம்பெனி நடத்துவதும் 'ரன்', பத்திரிகை ஒரு செய்தியை வெளியிடுவதும் 'ரன்', கணினியில் நிரலை இயக்குவதும் 'ரன்'. தொழிற்புரட்சி இல்லாவிட்டால் இந்தப் பட்டியல் இவ்வளவு நீண்டிருக்காது என்றே எனக்குப் படுகிறது.

பெயர்ச்சொல்லாக அது செய்யும் கூத்து தனி. கோழிகளுக்கு வேலியடைத்த இடம் 'ரன்'. ஆஸ்திரேலியாவில் ஆடு மேயும் பரந்த நிலமும் 'ரன்'. பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் நூல் விட்டுப்போய் விழும் கோடும் 'ரன்'. வங்கி திவாலாகிவிடும் என்று பயந்து, போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் திரண்டால் அதுவும் 'ரன்'தான். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகள் முன்னால் அது நடந்தது. ஆனால் அங்கே யாரும் ஓடவில்லை, பொறுமையாக வரிசையில் நின்றார்கள்!

கிரிக்கெட்டும் அப்படித்தான். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால், மட்டையாளர் நின்ற இடத்தில் நின்றே நான்கு 'ரன்' எடுக்கிறார்.

தேர்தலுக்கு வருவோம். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார், அதாவது ஓடுகிறார். பிரிட்டனில் அதே வேட்பாளர் நிற்கிறார். நம் ஊரிலும் தேர்தலில் நிற்பதுதான் வழக்கம். ஓட்டமெல்லாம் ஜெயித்த பிறகு. நாடகம், சினிமா விஷயத்தில் மட்டும் நாமும் அவர்களும் ஒன்று. லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' 1952இல் 'ரன்' ஆகத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில்தான் நின்று, மறுபடி தொடங்கியது. நம் ஹரிதாஸ் படமும் மூன்று தீபாவளி கண்டு 'ஓடியது' என்றுதானே சொல்கிறோம்?

ஆனால் இந்த 645 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரயில் ஓடுவதும் பேருந்து ஓடுவதும் ஒரு பொருளா, இரண்டா? கடை ஓடுவது மூன்றாவதா? கோடு எங்கே விழவேண்டும் என்பது பதிப்பாசிரியரின் தீர்ப்பு. கைக்கடக்கமான ஓர் அகராதியைப் புரட்டினால், இதே சொல்லுக்கு அந்த 645இல் ஒரு சிறு பங்கு பொருள்தான் இருக்கும். விடுபட்டவற்றுள் பல வழக்கொழிந்தவை, அல்லது ஏதோ ஒரு துறைக்கு மட்டும் உரியவை.