ஒளி தரும் பாலிமர் ஏடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிளாஸ்டிக் என்றதும் மின்கம்பியின் மேலுறையன்றோ நம் நினைவுக்கு வருகின்றது? மின்சாரம் நம்மைத் தாக்காது காப்பதே அதன் கடன் என நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வினத்துப் பொருளே ஒளியும் தந்த வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

1977-ஆம் ஆண்டில் ஹீகர், மக்டயார்மிட், ஷிரகாவா ஆகிய மூவர், பாலிஅசெட்டிலீன் என்னும் பாலிமரில் அயோடினைச் சேர்த்தால் அது மின்சாரத்தை நன்கு கடத்தும் என மெய்ப்பித்தனர். 2000-இல் நோபெல் பரிசும் பெற்றனர். 1989-இல் கேம்பிரிட்ஜ் கவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஃபிரெண்டு குழுவினர், பாலிஃபினைலீன் வினைலீன் என்ற மற்றொரு பாலிமர் மின்சாரம் பாய்ந்ததும் பசுமஞ்சள் ஒளி வீசக் கண்டனர். மறு ஆண்டே 'நேச்சர்' இதழில் அச்செய்தி வெளியாயிற்று.

அது நிகழும் விதம் யாது? கண்ணாடிமேல் ஒளி ஊடுருவும் மின்வாய். அதன்மேல் பாலிமர் ஏடு. அதற்கும் மேல் உலோக மின்வாய். ஒருபுறம் எலெக்ட்ரான்களும், மறுபுறம் எலெக்ட்ரான் நீங்கிய இடங்களாகிய துளைகளும் புகுகின்றன. இரண்டும் கூடுமிடத்தில் ஒளி பிறக்கின்றது. ஏட்டின் கனமோ ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனலாம். இப்பொருளில் மின்னூட்டங்கள் மெல்லவே நகரும். ஆதலின் ஏடு தடித்தால் மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். மெலிந்தால் சில வோல்ட்டே போதும். அளவுகடந்து மெலிந்தாலோ நுண்துளை விழுந்து மின்வாய்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும்.

குறைகளும் உண்டு. ஈரமும் ஆக்சிஜனும் இவ்வேட்டைக் கெடுக்கும். ஆகவே காற்றுப் புகாது மூடிக் காக்கின்றனர். நீல ஒளி தருவன விரைவில் மங்குகின்றன. இன்று நம் கைப்பேசிகளின் ஓஎல்இடி திரைகளில் ஒளிர்வன பெரும்பாலும் பாலிமர்கள் அல்ல. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் டாங்கும் வான் ஸ்லைக்கும் வெளியிட்ட வழியில் வந்த சிறு மூலக்கூறுகளே. அவற்றை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கின்றனர். பாலிமரையோ கரைசலாக்கி, மைபோல் அச்சிடலாம். அதன் பெருமை அதுவே.

அன்பர்களே! ஒரு பொருளை ஒரு பணிக்கே உரியதென ஒதுக்கிவிட்டால் அதன் பிற ஆற்றல்களை நாம் காணமாட்டோம். தமிழுக்கும் இது பொருந்தும். நம் பிள்ளைகள் பள்ளியில் பிறமொழிகளில் அறிவியல் பயில்கின்றனர். இல்லத்திலும் அதனைத் தமிழில் பேசாதிருப்போமாயின், அவர்தம் தமிழ் அடுக்களைக்கும் பூசையறைக்கும் மட்டுமே உரியதாய்ச் சுருங்கிவிடும். இன்றிரவு உணவின்போது, கைப்பேசித் திரை எங்ஙனம் ஒளிர்கின்றது எனத் தமிழிலேயே அவர்களிடம் கேளுங்கள். விடை தடுமாறினால் நாமும் உடனிருந்து சொல் தேடுவோம்.