தார்சாவுக்கு வலை அடிக்கலாமா?

இன்னைக்கு கோட் பத்திப் பேசப்போறதில்ல, கொசு பத்தி.

உடன்குடியில எங்க வீட்டுத் தார்சாவுக்கு நாங்களே கொசுவலை அடிக்கலாம்னு திட்டம் போட்டுட்டு இருக்கோம். சென்னைப் பிள்ளைங்களுக்காகச் சொல்றேன்: தார்சான்னா தெருவைப் பார்த்த முன்பக்கத் தாழ்வாரம். பழைய திருநெல்வேலிப் பக்க வீடுகள்ல இதுக்கு முன்னால மரச்சட்டங்களை வரிசையா நிறுத்தி ‘அழி’ போட்டிருப்பாங்க. காத்து வரும், திருடன் வர முடியாது. ஆனா கொசு தாராளமா வரும்.

அதனால சாயங்காலம் ஆறு மணியானா எல்லாரும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறோம். கண்ணாடி போட்டு அடைச்சிரலாம்ங்கிறது அப்பா கட்சி. ஆச்சி ஒத்துக்கல. “கண்ணாடி போட்டா தெருவுல போறவ குரல் கேக்குமால? எவ வந்து உக்காருவா?” அவ்வளவுதான். எங்க ரிக்வயர்மென்ட் ஒரே வரியில முடிஞ்சுது: கொசு வரக்கூடாது, ஆள் வரணும்.

இது வேலை செய்யுமான்னு கேட்டா, 1900-லயே டெஸ்ட் பண்ணிட்டாங்க. கொசுவோட வயித்துல மலேரியா கிருமி வளர்றதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல பார்த்தது 1897. மூணு வருஷம் கழிச்சு சாம்பன், லோன்னு ரெண்டு டாக்டர்கள் ரோமுக்குப் பக்கத்துல மலேரியாவுக்குப் பேர்போன சதுப்பு நிலத்துல, வலை அடிச்ச ஒரு குடிசையில மாசக்கணக்கா தங்கினாங்க. இருட்டுறதுக்கு முன்ன உள்ள, விடிஞ்ச பிறகு வெளிய. மலேரியா வரல.

சரி, நம்ம அளவுக்கு வருவோம். முன்பக்கம் 12 அடி, பக்கவாட்டுல 6 அடி. கைப்பிடிச் சுவர் இரண்டரை அடி, அதுக்கு மேல 6 அடி திறப்பு. வாசலுக்கு 3 அடி போனா, 3 அடி அகலத்துல முன்னால மூணு சட்டம், பக்கத்துல ரெண்டு. கடையில 3 அடி அகல ரோல் கிடைக்குது, அதனால நடுவுல ஒட்டுப் போட வேண்டாம். அஞ்சு சட்டத்துக்கு 30 அடி, வாசல் கதவுக்கும் மேல் திறப்புக்கும் எட்டரை அடி. 40 அடி வாங்கினா போதும்.

எந்த வலை? சாதாரண கொசுவலைக் கணக்கு, ஒரு அங்குலத்துக்கு 18-க்கு 16 கண்ணி. இழை 0.28 மில்லிமீட்டர்னு வச்சா, பரப்புல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு ஓட்டைதான். காத்து கொஞ்சம் குறையும், நிக்காது. இன்னும் பொடிக்கண்ணி வாங்கினா புழுக்கம்தான்.

எங்க ஊர்ல பெரிய பிரச்சினை உப்புக்காத்து. குலசேகரன்பட்டினம் கடல் பக்கத்துல இருக்கு. சாதா இரும்பு வலை சீக்கிரம் துருப்பிடிச்சிடும். ஸ்டீல் வலையை அலுமினியச் சட்டத்துல மாட்டினா, உப்பு ஈரத்துல ரெண்டும் உரசுற இடத்துல அலுமினியம் அரிக்கும். அதனால அலுமினியச் சட்டம், ஃபைபர் வலை. பூனை கிழிச்சா அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் மாத்திக்கலாம். தென்மேற்குக் காத்து வீசுற மாசங்கள்ல தேரி மணல் புழுதி கண்ணியை அடைக்கும். அதனால சட்டங்களை ஆணி அடிச்சு நிரந்தரமாக்கல. கொண்டி வச்சு மாட்டுறோம். கழட்டி நல்ல தண்ணியில கழுவி மாட்டிரலாம்.

இனி ரெண்டு பக். ஒண்ணு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்து. கொசுக்கு அது ராஜபாட்டை. முன்னால எவ்வளவு அழகா அடிச்சாலும் இதை அடைக்கலைன்னா வீண். கதவும் வெளிப்பக்கம் திறக்கணும், ஸ்பிரிங் வச்சுத் தானா சாத்தணும்.

ரெண்டாவது, டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கும், வீட்டுல தேங்கின நல்ல தண்ணியில முட்டை போடும். தார்சாவுக்கு உள்ளேயே பூந்தொட்டித் தட்டுல தண்ணி நின்னா, கொசுவை நாமளே வலைக்குள்ள வளர்த்து நம்மகூட பூட்டி வைக்கிறோம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால வாரம் ஒருநாள் எல்லாத்தையும் கவிழ்த்துக் காய வைக்கணும். வலை அந்த வேலையைச் செய்யாது.

முக்கியமா, கருப்பு வலை வாங்குங்க. வெள்ளை வலை வெளிச்சத்துல பளபளத்துக் கண்ணை மறைக்கும், கருப்புல தெரு நல்லாத் தெரியும். ஆச்சிக்கு வேண்டியது அதுதான்: யார் போறாங்கன்னு தெரியணும், “ஏட்டி, இங்க வா”ன்னு கூப்பிடணும்.

உங்க வீட்டுல பால்கனியை அடைச்சிட்டீங்களா, திறந்து வச்சிருக்கீங்களா? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.