மூளைக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டுக் கணினி. பாடசாலை அதிபர் ஒருவருக்கும் விளையாட்டுக் கணினிக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்றவன். ஆயினும், எங்கள் பேசாலையில் ஒரு குடும்பத்தின் சீட்டுப் பணம் என் வாய்ச்சொல் ஒன்றினால் வீணாகப் பார்த்தது. அந்தப் பிழையைத் திருத்தும் பொருட்டே இந்தப் பாடத்தை நான் கற்க நேர்ந்தது.

2023ஆம் ஆண்டில், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மாணவன் ஒருவனுடன் அவன் தாயார் என் இல்லத்துக்கு வந்தார். "சேர், இவன் கம்பியூட்டர் வேணுமெண்டு ஒத்தைக்காலில நிக்கிறான். படிக்கவும் வேணுமாம், விளையாடவும் வேணுமாம். என்ன வாங்கிறதெண்டு நீங்கதான் சொல்லவேணும்" என்றார். தந்தையார் கடற்றொழிலாளி. பணமோ, மாதந்தோறும் கட்டிவந்த சீட்டு. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அமெரிக்க டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரையில் ஏறியிருந்தது. இறக்குமதியாகும் கணினி உறுப்புகளின் விலையும் அதனோடு ஏறிற்று. ஆகவே ஒரு தவறு செய்தால் மறுமுறை வாங்குவதற்கு அக்குடும்பத்துக்கு வழியில்லை.

நான் சற்றும் தயங்கவில்லை. "எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம். செயலிதான் கணினியின் மூளை. அதை உயர்ந்ததாக வாங்கு தம்பி, மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். பழமொழி கைவசம் இருக்கும்போது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தயக்கம் எங்கிருந்து வரும்!

பையன் என் சொல்லைத் தட்டவில்லை. 8 கருக்களைக் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ் என்னும் செயலியை வாங்கினான். எஞ்சிய பணத்தில், பழைய தாய்ப்பலகை ஒன்றும், 4 கிகாபைட் நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்னும் வரைகலை அட்டையும் வாங்கினான். கடைக்காரர் கிராபிக்ஸ் கார்ட் என்று சொல்வது இதனைத்தான். சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டைத் தொடங்கியபோது திரை தட்டுத்தடுமாறி நகர்ந்தது. விநாடிக்கு 30 படங்களை எட்டுவதே பெரும்பாடாக இருந்தது. அவன் என்னிடம் குறை சொல்லவில்லை. தாயார்தான், "இவ்வளவு காசு குடுத்தும் ஏன் சேர் இழுத்து இழுத்து ஓடுது?" என்று கேட்டார். அக்கேள்வி என்னை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை.

இவ்விரண்டு உறுப்புகளும் எவ்வாறு வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை எங்கள் ஊரிலுள்ள கருவாட்டு வாடியைக் கொண்டு விளக்குவது எளிது. வாடியில் ஒருவர் மீனை வெட்டிக் குடலை அகற்றுவார். அடுத்தவர் அதைக் கழுவி உப்பிடுவார். வெட்டுபவர் மின்னல் வேகத்தில் வெட்டினாலும், உப்பிடுபவர் மெதுவானவராயின் மீன் குவிந்து கிடக்கும். உப்பிடுபவர் கெட்டிக்காரராய், வெட்டுபவர் மந்தமாயின், உப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அன்று எத்தனை கிலோ கருவாடு என்பதைத் தீர்மானிப்பவர் இருவருள் மெதுவானவரே.

கணினி விளையாட்டிலும் இதுவே நடக்கிறது. எதிரி எங்கே நிற்கிறான், எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, வண்டி சுவரில் மோதிற்றா என்பனவற்றைக் கணித்து, "இன்னின்னவற்றை வரைக" என்று கட்டளைப் பட்டியல் எழுதுவது செயலி. அப்பட்டியலைப் பெற்றுத் திரையிலே புள்ளி புள்ளியாக நிறமிடுவது வரைகலை அட்டை. சாதாரணத் திரையொன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என 2,073,600 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 16.7 மில்லி செக்கனுக்குள் முடியவேண்டும். செயலி தன் பங்கை 8 மில்லி செக்கனில் முடிக்கிறது, அட்டைக்கு 25 மில்லி செக்கன் பிடிக்கிறது என்று கொள்வோம். கிடைப்பவை விநாடிக்கு 40 படங்களே. இன்னும் பணம் செலவிட்டு, 4 மில்லி செக்கனில் முடிக்கும் செயலியைப் பூட்டினாலும் அதே 40தான். நான் அந்தக் குடும்பத்தைச் செய்வித்தது இதுவே.

வேறொரு சங்கடமும் இருந்தது. அந்த அட்டை தாய்ப்பலகையுடன் தொடர்புகொள்வதற்கு 4 வழித்தடங்களே உடையது. பழைய தலைமுறைத் தாய்ப்பலகையில் அவ்வழிகளின் வேகம் பாதியாகிவிடும். அட்டையின் சிறிய நினைவகம் நிரம்பியதும் அந்த ஒடுங்கிய வழியாலே தரவு போய்வர வேண்டியிருக்கிறது. திரையின் தடுமாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பையன் கணினியிலேயே உள்ள டாஸ்க் மனேஜர் என்னும் பகுதியைத் திறந்து காட்டினான். அட்டை 99 விழுக்காடு உழைத்துக்கொண்டிருந்தது. நான் போற்றிய மூளையோ கால் பங்கு வேலைகூடச் செய்யவில்லை. இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலியின் விழுக்காடு ஏமாற்றக்கூடியது. அச்செயலியில் 16 இழைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மட்டும் முழுமூச்சாய் உழைத்து, மற்றவை உறங்கினாலும் மொத்தக் கணக்கில் 6 விழுக்காடு என்றே தோன்றும். பல விளையாட்டுகள் வேலையை எல்லா இழைகளுக்கும் பிரித்துக் கொடுப்பதில்லை. பிரிக்க இயலாத பகுதியே முழு வேகத்துக்கும் எல்லை வகுக்கும் என்பதை ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1967ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆதலால் அட்டையின் விழுக்காட்டைப் பாருங்கள். அது நூறை அண்டி நின்றால் அட்டையே முட்டுக்கட்டை. அது 60, 70 என்று தளர்ந்தும் படங்கள் போதாவிடின் பெரும்பாலும் செயலியையே ஐயுற வேண்டும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. விளையாட்டின் அமைப்பிலே திரைத் தெளிவை 1280க்கு 720 என்று குறையுங்கள். புள்ளிகள் 921,600 ஆகிவிடும். அதாவது அட்டையின் சுமை பாதிக்கும் கீழே இறங்கும். செயலியின் சுமையோ பெரிதும் மாறாது. படங்களின் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் குறை அட்டையில்; அசையாமல் நின்றால் குறை செயலியில். நாங்கள் செய்தபோது 30 சொச்சம் 50ஐத் தாண்டிற்று. எனக்கு எதிரான தீர்ப்பு அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

பிறகு என்ன செய்தோம்? மன்னார் நகரில் கலியாண வீடுகளுக்கு ஒளிப்பதிவு செய்யும் ஒருவரிடம், 6 கருக்களுள்ள ரைசன் 5 5600 செயலி இருந்தது. ஒளிப்பதிவைத் தொகுத்து வெளியிடும் வேலைக்கு எத்தனை கருக்கள் கொடுத்தாலும் பயன் உண்டு. இரண்டு செயலிகளும் ஒரே வகைப் பொருத்தியில் அமர்வன. ஆகவே அவர் தம்முடையதையும் மேலதிகமாகப் பணத்தையும் தந்து பையனுடையதைப் பெற்றுக்கொண்டார். பழைய அட்டையும் விற்கப்பட்டது. இரண்டு பணத்தையும் சேர்த்து, 8 கிகாபைட் நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 6600 அட்டை ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினோம். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தை அட்டைகளைக் கொண்டு அகழும் முறை நின்றுபோனதால், அவ்வாறு உழைத்த அட்டைகள் பல சந்தைக்கு வந்திருந்தன. அவற்றுள் ஒன்றோ என்ற அச்சத்தினால், விற்பவர் முன்னிலையில் ஒரு மணிநேரம் ஓட்டிப் பார்த்தே பணம் கொடுத்தோம். மின்வழங்கி 450 வாற்று வலுவுடையதா என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

சமநிலை என்றவுடன் பாதிக்குப் பாதி என்று எண்ணிவிடாதீர்கள். குறைந்த செலவில் விளையாட்டுக்கென்றே கணினி அமைப்பவர், செயலிக்கு ஒரு பங்கு வைத்தால் அட்டைக்கு இரண்டு பங்களவு வைக்கலாம் என்பது என் கணிப்பு. கவுண்டர் ஸ்ட்ரைக், வாலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளை மட்டும் விளையாடுபவருக்கு இக்கணக்கு சிறிது செயலியின் பக்கம் சாயும். காட்சியில் எளியனவாகிய அவ்விளையாட்டுகளில் விரைவே உயிர். ஆனால் திரை விநாடிக்கு 60 படங்களையே காட்ட வல்லதாயின், அதற்கு மேற்பட்ட படங்களுக்காகக் கடன்படுவதில் பெரிய இலாபமில்லை.

சில வாரங்களின் பின் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடற்காற்றின் உப்பு படாதவாறு கணினியை யன்னலிலிருந்து விலக்கி, உட்சுவரோரம் வைத்திருந்தார்கள். பையன் அதே விளையாட்டை ஓட்டிக் காட்டினான்; படங்கள் 60ஐ ஒட்டியே நின்றன. தாயார் எட்டிப் பார்த்து, "இப்ப எது சேர் சும்மா இருக்குது?" என்று கேட்டார்.

"இப்போது சும்மா இருப்பவன் நான் ஒருவனே, தங்கச்சி" என்றேன்.