வாரத்தில் எத்தனை நாள் வருவீர்கள்?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய அன்பர் நடைப்பயிற்சியின் நன்மைகளை மிக அழகாக எடுத்துரைத்தார். நடப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பது எடைப் பயிற்சி. உடல் வலிமைக்காக ஒரு வாரப் பயிற்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. நிகழ்ச்சி படைக்கும் பெண் எடை தூக்குவதைப் பற்றிப் பேசுவதா என்று முன்வரிசையில் ஐயா ஒருவர் புன்னகை செய்கிறார். பேசலாம் ஐயா. ஒப்பனையைக் கலைத்துவிட்டு நேராக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது எனக்கு ஏழு ஆண்டுப் பழக்கம்.

என்னிடம் பலரும் கேட்பது, “எந்தப் பயிற்சி நல்லது?” என்பதுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். “வாரத்தில் எத்தனை நாள் வருவீர்கள்?” உடனே “ஐந்து நாள்” என்பார்கள். புத்தாண்டு பிறந்த முதல் வாரத்தில் எல்லாருமே ஐந்து நாள்தான் வருவார்கள். நான் கேட்பது அந்த வாரத்தை அல்ல. பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நடக்கும் வாரத்தில், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில், ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கும் வாரத்தில் எத்தனை நாள் வருவீர்கள்? அந்த எண்ணைச் சொல்லுங்கள். உங்கள் பயிற்சித் திட்டம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த எண் இரண்டு. சிலருக்கு மூன்று.

இரண்டு நாளா, அது போதுமா என்று வருந்த வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறது. எல்லாப் பெரிய தசைகளுக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் இளைஞர்கள் கோட்டைவிடுவது அங்கேதான்.

கூடங்களில் வழக்கமாகக் காணும் அட்டவணை ஒன்று உண்டு. திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். உடற்கட்டழகர்களின் அட்டவணை இது. மேடையேறிப் போட்டியிடுபவருக்குப் பொருந்தலாம். அவருக்கு அதுவே தொழில். நமக்கு வெள்ளிக்கிழமை என்ன ஆகும்? மேலாளர் மிகைநேரம் பார்க்கச் சொல்வார், அல்லது நண்பர்கள் அழைப்பார்கள். கால் போயிற்று. மேலே தேக்குமரம், கீழே மூங்கில் என்று நடமாடும் தம்பிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இந்த அட்டவணையில் ஒரு வெள்ளிக்கிழமை தவறினால், கால் தசைக்கு அடுத்த வேலை கிடைக்க 14 நாள் ஆகிறது. மாறாக, திங்களும் வியாழனும் முழு உடலுக்கும் பயிற்சி செய்பவர் ஒரு வியாழனைத் தவறவிட்டால், 7 நாள் கழித்து உடல் முழுவதும் மீண்டும் வேலைக்கு வந்துவிடும். வாரம் முழுவதும் ஒரு தசைக்குக் கொடுக்கும் மொத்த வேலை ஒன்றாக இருந்தால், அதை ஒரே நாளில் கொடுத்தாலும் பிரித்துக் கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான் என்கின்றன ஆய்வுகள். அப்படியானால், தவறினாலும் அதிகம் சேதமாகாத அட்டவணையைத் தேர்ந்தெடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

முழு உடல் என்றால் முப்பது இயந்திரங்களிலும் ஏறி இறங்க வேண்டியதில்லை. உடல் செய்யும் வேலைகள் நான்கைந்துதான். உட்கார்ந்து எழுவது ஒன்று. அதற்கு ஸ்குவாட், முடியாதவர்களுக்கு லெக் பிரஸ். தள்ளுவதற்கு பெஞ்ச் பிரஸ். இழுப்பதற்கு ரோ அல்லது புல்டவுன். தரையிலிருந்து தூக்குவதற்கு டெட்லிஃப்ட். கடைசியாக, இரண்டு கையிலும் டம்பெல் பிடித்துக்கொண்டு நடப்பது. பேரங்காடியிலிருந்து 10 கிலோ அரிசி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவருவதும், விமானத்தில் 7 கிலோ பையைத் தலைக்கு மேல் வைப்பதும் இவற்றுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் மூன்று செட், செட்டுக்கு 6 முதல் 10 முறை. புதிதாக வருபவர் முதல் மாதம் இரண்டு செட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். செட்டுகளுக்கு இடையே இரண்டு, மூன்று நிமிட ஓய்வு. அந்த ஓய்வில் கைப்பேசியை எடுத்தால் இரண்டு நிமிடம் பன்னிரண்டு நிமிடமாகிவிடும். அது தனிக் கதை.

மூன்று நாள் வர முடிந்தால், திங்கள், புதன், வெள்ளி. மூன்று நாளும் உச்ச எடையைத் தூக்க வேண்டாம். அமெரிக்கப் பயிற்றுநர் பில் ஸ்டார் 1976இல் வெளியிட்ட நூலில் ஒரு நாள் கனம், ஒரு நாள் இலேசு, ஒரு நாள் நடுத்தரம் என்று பிரித்துக் கொடுத்தார். இன்றும் அது எடுபடுகிறது. நான்கு நாள் என்றால் இரண்டு நாள் மேல் உடல், இரண்டு நாள் கீழ் உடல். அதற்கு மேல் வருபவர்கள் என் பேச்சைக் கேட்டு எதையும் முடிவுசெய்யப் போவதில்லை.

சுழல்முறை வேலை பார்க்கும் நேயர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பாதுகாவல், துறைமுகம், மருத்துவமனை, மின்னியல் தொழிற்சாலை என்று நம் மக்கள் பலர் 12 மணி நேர வேலையில் இருக்கிறார்கள். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று போகும்போது திங்கள் என்ன, வியாழன் என்ன? அவர்களுக்கு நாட்காட்டி உதவாது. ‘அ’ என்று ஒரு பயிற்சி, ‘ஆ’ என்று ஒரு பயிற்சி, இரண்டுமே முழு உடலுக்கானவை. எந்த நாள் வர முடிகிறதோ அன்று, போன முறை செய்யாத மற்றொன்றைச் செய்யுங்கள். நடுவே ஒரு நாளாவது இடைவெளி இருந்தால் போதும். தசைக்குக் கிழமை தெரியாது. இரவு வேலை முடிந்த காலையில் மட்டும் கனமான எடையைத் தொடாதீர்கள். தூக்கமில்லாத உடம்பு நிதானம் தவறும்.

நாளெல்லாம் மூட்டை சுமப்பவருக்கு இது எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மூட்டையின் எடை இவர் வலிமையைப் பார்த்துக் கூடுவதில்லை, குறைவதும் இல்லை, களைப்புத்தான் கூடுகிறது. பயிற்சி என்பது அளந்து ஏற்றுவது.

இந்த ‘அளந்து ஏற்றுவது’ எங்கிருந்து வந்தது என்றால், போர்க்கால மருத்துவமனையிலிருந்து. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற படை மருத்துவர். சின்ன எடையைப் பலமுறை தூக்குவதே பாதுகாப்பு என்று மற்றவர்கள் எண்ணியிருந்த காலம் அது. அவரோ வீரர்களுக்குக் கனமான எடையைக் கொடுத்து, தேறத் தேற ஏற்றிக்கொண்டே போனார். 1945இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் பத்துச் செட் வரை செய்ய வைத்தவர், 1948இல் மூன்று செட்டே போதும் என்று குறைத்துக்கொண்டார். இன்று எந்தக் கூடத்துக்குப் போனாலும் “மூணு செட், பத்து” என்கிறார்களே, அதன் மூலம் இதுதான்.

நம் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கமும் எடையைத் தூக்கி வாங்கியதுதான் என்பது இளையர்கள் பலருக்குத் தெரிவதில்லை. 1960இல் ரோம் நகரில் இலகு எடைப் பிரிவில் வெள்ளி வென்ற டான் ஹாவ் லியாங், மூன்று வகைத் தூக்குதலிலும் சேர்த்து 380 கிலோ தூக்கினார். 2024இல் தமது 91ஆம் வயதில் மறைந்தார்.

நமக்கு 380 வேண்டாம். பார்பெல் கம்பி மட்டுமே 20 கிலோ. கூடத்தில் கிடைக்கும் ஆகச் சிறிய தட்டு பெரும்பாலும் 1.25 கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் 2.5 கிலோ கூடும். அதுதான் உங்கள் ஒரு படி. 30 கிலோவில் மூன்று செட்டும் எட்டெட்டு முறை ஒழுங்காக முடித்தீர்களா? அடுத்த முறை 32.5. முடியவில்லையா? அதே 30. ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். முதல் சில வாரங்களில் எடை விறுவிறு என்று ஏறும். தசை வளர்ந்துவிட்டது என்று கண்ணாடி முன் நிற்காதீர்கள், நரம்புகள் வேலையைக் கற்றுக்கொண்டதன் பலன் அது. பிறகு ஏற்றம் மாதக் கணக்காகும். இவ்வளவையும் எழுதி வைக்க ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வேண்டும். என்னைக் கேட்டால், விலையுயர்ந்த காலணியைவிட அந்த நோட்டுப் புத்தகம் அவசியம்.

சரி, வலிமை யாருக்கு வேண்டும்? என் பெரியம்மாவுக்கு வயது 63. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சமையலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, பெரிய காயமும் இல்லை. ஆனாலும் பெரியப்பா சந்தையிலிருந்து திரும்பும்வரை முக்கால் மணி நேரம் தரையிலேயே கிடந்தார். எழுந்திருக்கக் காலில் பலம் இல்லை. தினமும் மாலையில் புளோக்கைச் சுற்றி நடப்பவர் அவர். நடை அவருக்கு மூச்சைக் கொடுத்திருந்தது. தரையிலிருந்து எழும் பலத்தைக் கொடுக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு தசை மெல்லக் குறைகிறது, வலிமை அதைவிட வேகமாகக் குறைகிறது. வீட்டுக்குப் போனதும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து பாருங்கள். எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் என்று அவர் தொடங்கினார். முதலில் நாற்காலியிலிருந்து எழுவது மட்டும். பிறகு 2 கிலோ டம்பெல்லை மார்போடு அணைத்துக்கொண்டு எழுவது. பிறகு சமூகத்துக்குப் பொதுவான கூடம் ஒன்றில் லெக் பிரஸ். “இந்த வயசுல எனக்கு எதுக்குடி இதெல்லாம்?” என்று கேட்டவர், இப்போது என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, “போன வாரமும் இதே எடைதானா?” என்கிறார்.

வயது ஒரு தடையா என்பதற்கு 1990இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பதில் சொல்கிறது. போஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 கொண்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அதாவது 10 கிலோ தூக்கிய கால் 27 கிலோ தூக்கியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்ததும் இலேசான எடை அல்ல. அவரவர் சக்திக்குக் கனமான எடைதான்.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2016இல் நம் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுத்தது. அந்நோய் இந்தியர்களிடையே அதிகம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உண்ட சாப்பாட்டின் சர்க்கரையைப் பெரிய அளவில் வாங்கிக்கொள்வது தசைதான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பயிற்சியில் சர்க்கரை இறங்கிவிடலாம் என்பதால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பையில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. எடை தூக்கினால் ஆண்களைப் போல் ஆகிவிடுவோமோ என்ற பயத்தை விடுங்கள். ஏழு ஆண்டாகத் தூக்குகிறேன். ஆடை வடிவமைப்பாளர் என் ரவிக்கையின் அளவை இன்னும் மாற்றவில்லை. தேசிய சேவையாளர்களுக்கும் ஒன்று. 2015இல் உடலுறுதிச் சோதனையிலிருந்து சின்-அப் எடுக்கப்பட்ட பிறகு பலர் இழுக்கும் பயிற்சியையே மறந்துவிட்டார்கள். புஷ்-அப் மட்டும் செய்துகொண்டிருந்தால் தோள் முன்னால் வளையும். தள்ளும் அளவுக்கு இழுக்கவும் செய்யுங்கள்.

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காவடி எடுக்கத் தோள் பலம் வேண்டும் என்று தம்பிகள் கூட்டமாக வருவார்கள். பக்தியை மதிக்கிறேன். ஆனால் சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியைத் தாங்கும் முதுகும் காலும் மூன்று வாரத்தில் வராது. தீபாவளிப் பலகாரம் தீர்ந்த மறுநாளே தொடங்குங்கள். விரதம் தொடங்கிவிட்டால் எடையைக் குறைத்துக்கொண்டு, இருக்கும் பலத்தைக் காப்பாற்றினால் போதும்.

நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். உணவைப் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை. முட்டை, தௌகுவா, பருப்பு, பால், மீன் என்று ஒவ்வொரு வேளையும் புரதம் ஏதாவது தட்டில் இருக்கட்டும் என்பதோடு விடுகிறேன். முழங்கால் வலி உள்ளவர்கள் ஸ்குவாட் செய்யலாமா என்று இரண்டு பேர் இடைவேளையிலேயே கேட்டார்கள். அதைக் கேள்வி நேரத்தில் ஒரு நாற்காலியை வைத்துச் செய்தே காட்டுகிறேன். ஒலிவாங்கி வலப்பக்கம் இருக்கிறது.