கூடை பின்னிக்கொண்டே துப்பறியலாம்

(நம் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு கிளப் ஹவுஸுக்கு வந்திருக்கிறீர்கள். நோட்டீஸ் போர்டில் 'கொலைக் கதை' என்று போட்டதால்தான் இத்தனை பேர் என்று செயலாளர் சொல்கிறார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேசப்போவது ரத்தம் தெறிக்காத கொலைக் கதைகளைப் பற்றி.

ஆங்கிலத்தில் இவற்றை 'கோஸி' என்பார்கள். கொலை நம் கண்முன் நடக்காது. போலீஸ் வரும், ஆனால் கண்டுபிடிப்பது அக்கம்பக்கத்தில் இருக்கிற யாரோ ஒரு அம்மாள். இதிலேயே கைவேலைக்காரர்களுக்கென்று தனி வகை உண்டு. எர்லீன் ஃபவுலர் 1994இல் தொடங்கிய வரிசையில் நாவல்களின் தலைப்புகள் ஒட்டுத்துணிப் போர்வை டிசைன்களின் பெயர்கள். மோனிகா ஃபெரிஸின் 'க்ரூவல் வேர்ல்ட்' 1999இல் வந்தது. க்ரூவல் என்பது கம்பளி நூலில் போடும் எம்பிராய்டரி. காதில் விழும்போது 'கொடூரம்' என்பதற்கான ஆங்கிலச் சொல் போலவே இருக்கும். அமெரிக்காவில் எக்ஸெல்சியர் என்ற சின்ன ஊர். அங்கே ஊசி, நூல் கடை வைத்திருக்கும் பெண்ணைக் கொன்றுவிடுகிறார்கள். திருட வந்தவன் செய்த வேலை என்கிறது போலீஸ். அவளுடைய சகோதரி பெட்ஸி அதை நம்பவில்லை. கடையையும் கேஸையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொள்கிறாள். புத்தகத்தோடு ஒரு எம்பிராய்டரி டிசைனும் உண்டு. கொலையாளியும் கிடைப்பான், ஓய்வு நேரத்துக்கு வேலையும் கிடைக்கும்.

நம் பக்கம் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். தேவனின் சாம்பு பேங்க் குமாஸ்தா. கூடை பின்னுகிற மாமிக்கு, எனக்குத் தெரிந்து, இன்னும் யாரும் ஒரு கேஸ் கொடுக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏனென்றால் கைவேலை செய்பவளுக்குத் துப்பறிவது சுலபம். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். குனிந்து பின்னிக்கொண்டிருப்பவள் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. இன்னொன்று, புதன்கிழமைக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். வயர் கூடையில் மூன்றாவது வரிசையில் ஒரு முடிச்சு தப்பினால் அப்போது தெரியாது. எட்டாவது வரிசையில் கூடை ஒரு பக்கம் சாயும். சாய்ந்த இடத்தைப் பிடித்து இழுத்துப் பயனில்லை, மூன்றாவது வரிசை வரை அவிழ்க்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் மூத்தவள் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள். 1927இல் ஒரு சிறுகதையில் அறிமுகமானவள், எப்போதும் கையில் பின்னல். அவள் வருகிற கதைகளில் நான் இன்று சொல்ல நினைத்தது 1942இல் வந்த ஒரு சிறுகதை. தமிழில் சொன்னால் 'குறையே இல்லாத வேலைக்காரி'. ஒரு பழைய மாளிகையை நான்கு ஃப்ளாட்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆமாம், நம்மைப் போல அபார்ட்மென்ட்தான். ஒரு வீட்டில் ப்ரூச் காணவில்லை. வேலை செய்யும் கிளாடிஸ் மேல் சந்தேகம். ப்ரூச் கிடைத்துவிடுகிறது, ஆனாலும் அவள் வேலை போய்விடுகிறது. மிஸ் மார்ப்பிள் மட்டும் முதல் முடிச்சுக்குத் திரும்பிப் போகிறாள். உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லமாட்டேன். கிளாடிஸ் எடுக்கவில்லை என்பது வரை சொல்லலாம்.

இந்தக் கதையை நான் கல்லூரி நாட்களிலேயே படித்திருக்கிறேன். படித்து என்ன பிரயோஜனம்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் விஜயநகர் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தோம். ராத்திரி தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் கையில் கிடைத்ததையெல்லாம் மாடி வீட்டுக்கு ஏற்றினோம். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவும் மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் வந்து உதவினார். அவர் வீட்டிலும் தண்ணீர்தான். எல்லாம் வடிந்த பிறகு பார்த்தால் என் அம்மா கொடுத்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் இல்லை. நான் அவரைத் திருடி என்று சொல்லவில்லை. "நீங்க பார்த்தீங்களா?" என்றுதான் கேட்டேன். இரண்டு முறை. இரண்டாவது முறை மாடி வீட்டு மாமி எதிரில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார்.

அடுத்த நவராத்திரிக்கு கொலுப் பெட்டிகளை இறக்கினேன். பக்கத்தில் குரோஷா நூல்கண்டுகள் போட்டு வைத்த வயர் கூடை. அடியில் சிமிழ். அந்த இருட்டில், பத்திரமாக இருக்கட்டும் என்று நூலுக்குள் திணித்தது நானேதான். தேடிப் போனேன். குடும்பத்தோடு பெரும்பாக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். போன் நம்பரும் மாறியிருந்தது.

இதை இங்கே சொல்லக் காரணம், போன மாதம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு போட்டோ. ஒரு பார்சல் காணவில்லை. பத்தே நிமிஷத்தில், லிஃப்ட் அருகே நிற்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்ணின் சிசிடிவி படம் குரூப்பில். சாயங்காலம் பார்சல் எதிர்வீட்டுச் செருப்பு அலமாரிக்குள் கிடைத்தது. படத்தை நீக்கினார்கள். அவள் அதற்குள் பார்த்துவிட்டாள். இன்றும் எங்கள் தளத்தைப் பெருக்க வருகிறாள், முன்னே மாதிரி யாரிடமும் பேசுவதில்லை.

ஆகவே அசோசியேஷனுக்கு ஒரு வேண்டுகோள். காணாமல் போனதைக் குரூப்பில் எழுதலாம், ஆள் படம் போடக் கூடாது என்று விதி கொண்டுவாருங்கள். சிசிடிவி பதிவைக் கமிட்டி மட்டும் பார்க்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை எழுதியே கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட விரும்புபவர்கள் டீ குடிக்கும்போது என்னிடம் வாருங்கள்.

கிறிஸ்டி புத்தகத்தை நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதீர்கள். புதன்கிழமை மூன்றரை மணிக்கு இதே ஹாலில் சிவன் கண் முடிச்சு சொல்லித்தருகிறேன், வயர் நானே கொண்டுவருகிறேன்.